ஐந்து ஓட்டைகள்

செப்டம்பர் 8, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக நேற்றுச் சுட்ட குறி அட்டையைச் சமையலறை ஜன்னலில் ஒட்டினேன். ஐந்து ஓட்டைகளிலும் வெயில் வந்தது. நூறு கெஜத்தில் ஒழுங்கான துப்பாக்கி சுட்டால் ஐந்தையும் ஒரு காசால் மூடிவிடலாம். எனக்கு உள்ளங்கை போதவில்லை, விரல்களையும் விரித்துப் பார்த்தேன். போதவில்லை.

என் வீட்டுக்காரன் வேட் காபியோடு வந்து பார்த்தான். "நீ விசையை அமுக்கல மார்னி. இழுக்குற."

இருபது வருஷமாகச் சுடுகிறேன். இந்தத் துப்பாக்கி வந்து இரண்டு மாதம். எதன்மேல் சந்தேகம் வர வேண்டும்?

செப்டம்பர் 14

வேட்டோடு லைலின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். வேட்டின் அண்ணன், இதைப் புதுசு என்று எனக்கு விற்றவனும் அவனே. அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, பாடம் நடத்துற கைக்கு இது கொஞ்சம் வேகமான சாமான்" என்றான். கல்லாவின் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். வேட்டும் சிரித்தான். அதைத்தான் எழுத வந்தேன்.

துப்பாக்கியைக் கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3

துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம், 'அனுமதித்த அளவுக்குள் உள்ளது' என்று. அவர்கள் சுட்டுப் பார்த்த, மூன்று ஓட்டைகள் போட்ட அட்டை ஒன்றும் இருந்தது. மூன்றே மூன்று. என் மாணவன் மூன்று தவளையை அளந்துவிட்டு முடிவு எழுதினால் நோட்டைத் திருப்பி வீசுவேன்.

அக்டோபர் 5

கெடு வைத்துவிட்டேன்: 12-ம் தேதி. அதற்குள் சரியாகாவிட்டால் இந்தத் துப்பாக்கியை விட்டுவிட வேண்டும். பதினோரு வருஷம் விண்ணப்பித்து இந்த வருஷம்தான் குலுக்கலில் எனக்கு வேட்டை அனுமதிச் சீட்டு விழுந்திருக்கிறது. ஒரே ஓர் ஆண் எல்க் மான் சுடலாம். 26-ம் தேதி சீசன் திறக்கிறது. இன்னொரு சீட்டு விழும்போது எனக்கு அறுபதுகூட ஆகியிருக்கலாம்.

அக்டோபர் 12, சனி

குறிபார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் சரியாகுமோ என்று பார்த்தேன். அடியில் திருகு போகும் துளைகளில், திருகு கழலாமல் இருக்கப் போடும் நீலப் பசை பழசாய்க் காய்ந்து கிடந்தது, முன்பே யாரோ ஸ்கோப் மாட்டியதுபோல். புதுத் துப்பாக்கியில் எப்படி? லைலைப் போனில் கூப்பிட்டேன். "கம்பெனியிலயே போடுவாங்க. நீ அதையெல்லாம் நோண்டாத" என்றான்.

மாட்டிச் சுட்டேன். அதே சிதறல்.

இன்று கெடு. விடவில்லை. ஏன்? விட்டால் என் கைதான் கோளாறு என்று ஆகிவிடும். துப்பாக்கிக்காக இல்லை. ஜெயிப்பதற்காகச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 19

வேட் இன்று என்னைச் 'சோதித்தான்'. நான் முதுகைத் திருப்பிக்கொள்ள, தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தோட்டாவையும் கலந்து அடைத்தான். பயந்து சுடுகிறவர்களைப் பிடிக்க இங்கே எல்லாரும் செய்வதுதான். வெடிக்கும் என்று நினைத்து விசையை அழுத்துவோம். வெடிக்காது. அப்போது குழல் ஆடினால் குட்டு உடைந்துவிடும்.

மூன்றாவது 'டிக்' என்றது. குழல் அசையவில்லை. மணல் மூட்டையில் ஆணி அடித்து வைத்ததுபோல் இருந்தது.

அவன் மணல் மூட்டையைத் தட்டிச் சரிசெய்தான்.

"இப்ப நீ உக்காரு" என்றேன்.

அவனுக்கு இரண்டாவதிலேயே வெற்றுத் தோட்டா வைத்தேன். 'டிக்.' குழல் கோழி கொத்துவதுபோல் மண்ணைப் பார்த்துக் குனிந்தது.

"காத்து" என்றான்.

ஒரு புல்கூட அசையவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

அக்டோபர் 20

ஜெயித்தாயிற்று. அப்புறமும் துப்பாக்கி அதேதான்.

அக்டோபர் 26, சனி

சீசனின் முதல் நாள். மலையிலிருந்து வந்ததும் எழுதுகிறேன்.

விடிந்து அரை மணி நேரத்தில் எல்க் வந்தது. நூற்றெண்பது கெஜம், பக்கவாட்டில், மூச்சு புகையாக விட்டுக்கொண்டு. கொம்பில் உறைபனி. ஸ்கோப்பின் சிலுவைக் கோடு தோளுக்குப் பின்னால் நின்றது. விரலை விசையில் வைத்தேன்.

குண்டு நான் பார்க்கும் இடத்துக்குப் போகுமா? குடலுக்குப் போகலாம். தாடைக்குப் போகலாம். உடைந்த தாடையோடு அது எத்தனை நாள் இந்த மலையில் நடக்கும்?

விரலை எடுத்தேன்.

"சுடு" என்றான் வேட் பின்னாலிருந்து. "சுடுடீ! எதுக்குக் காத்திருக்க?"

அது மெதுவாக நடந்து மரங்களுக்குள் போனது. அவசரமே இல்லை அதற்கு.

"பதினோரு வருஷம் காத்திருந்தது வேடிக்கை பாக்கவா? பயந்தாங்கொள்ளி!"

"நீ சுடுவியா இதை நம்பி? சொல்லு. சுடுவியா?"

"நான் ஏன் சுடப்போறேன்? அந்த ஸ்போகேன் ஊர்க்காரன் இதைத் திருப்பிக் குடுத்தப்பவே நான் லைல்கிட்ட சொன்னேன்—"

நிறுத்தினான்.

நானும் நின்றுவிட்டேன். நீலப் பசை. எனக்கு முன்பே ஒருவன் வாங்கித் திருப்பிய துப்பாக்கி.

தெரியும் அவனுக்கு. செப்டம்பரில் ஜன்னலண்டை நின்று 'நீ இழுக்குற' என்றபோது தெரியும். வெற்றுத் தோட்டாவைக் கலக்கும்போதும் தெரியும். நான் பயந்தவள் என்று காட்ட முடிந்தால் அண்ணன் தப்பிப்பான், அவ்வளவுதான்.

"அவன் என் அண்ணன், மார்னி. நான் என்ன பண்ணட்டும்?"

'அப்ப நான் யாரு?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பை கனமாக இருந்தது. நடந்தேன்.

அக்டோபர் 29

வேட் போய்ச் சொல்லியிருப்பான் போல. லைலே கூப்பிட்டான், குரலில் சர்க்கரை. "கொண்டுவந்து குடு, வேற ஒண்ணு எடுத்துக்கோ. நமக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்?"

"அதை என்ன பண்ணுவ?"

"அலமாரில வெச்சா சீசனுக்குள்ள வித்துப் போயிடும்."

"யாருக்கு?"

"யாருக்காவது. உனக்கென்ன?"

திங்கட்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன்.

நவம்பர் 2

நோரீன் தன் துப்பாக்கியைத் தந்தாள். பள்ளியில் எனக்கு அடுத்த வகுப்பு அவளுடையது. அடிக்கட்டை கீறல் விழுந்தது, குழலில் சாயம் போனது. ஐந்து சுட்டேன். அட்டையைக் கழற்றிக் காசு வைத்தேன். மூடிற்று.

"உன் கைக்கு என்னடி குறை? வர்ற சனிக்கிழமை வேட்டைக்குப் போலாம் வா. உன் வீட்டுக்காரன் வேணாம், ரொம்பப் பேசுவான்" என்றாள்.

வாய்விட்டு அழுதுவிட்டேன் அங்கேயே. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காலித் தோட்டாக்களைப் பொறுக்கினாள்.

நவம்பர் 3, ஞாயிறு

வேட் தேவாலயத்துக்குப் போயிருக்கிறான். வழக்கம்போல் சனிக்கிழமை வேட்டைக்கென்று தன் பையை என் பையோடு ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டும் கதவோரம் இருக்கின்றன. என்னுடையதை மட்டும் எடுத்து என் வண்டியில் வைத்துவிட்டேன்.

பட்டறை மேசையில் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கியிருக்கிறேன். இரும்பு அறுக்கும் ரம்பத்துக்குப் புது அலகு போட்டாயிற்று. குழலில் இரண்டு இடம், தோட்டா ஏறும் இடத்தில் குறுக்காக ஒன்று. சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டேன்.

நாளை லைலிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கொண்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன். முழுதாக என்று சொல்லவில்லை.