அறை வாசலில் செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் மட்டுப்பட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சாதிக்காதீர்கள்.

சனிக்கிழமை இங்கே ஒரு கூத்து நடந்தது. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன். விடுமுறைதானே என்று பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைச் சரிசெய்யப் போனேன். நம்மூர்ப் பழக்கத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மேசைக்கடியில் புகுந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் அதை யாரோ மறந்துபோன செருப்பு என்று எடுத்துக்கொண்டு, அறையையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார். போனையோ ஸ்டாஃப் ரூமில் வைத்திருந்தேன். மாடி ஜன்னலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பதற்றத்தில் இந்த ஊர் பாஷை வரவில்லை, தமிழ்தான் வந்தது. தெருவில் போன ஒருவர் சிரித்துக் கையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் விளக்குப் போட வந்த வாட்ச்மேன்தான் சத்தம் கேட்டுத் திறந்துவிட்டார். இங்கே தமிழ் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"செருப்பு கெடந்தா உள்ள ஆள் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?" என்றார். பிறகு, "இவ்வளவு நேரமா உங்கள யாருமே தேடலையா?" என்று கேட்டார்.

"தேடியிருப்பாங்க, போன் கையில இல்லையே" என்று சமாளித்தேன். போய்ப் பார்த்தால் போனில் ஒரு அழைப்பும் இல்லை.

பயப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு போன் போடுங்கள், பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் எடுக்காவிட்டால், பின்பக்கம் எழுதியிருக்கும் வாட்ச்மேன் நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பரணில் கிடக்கும் என் பழைய செருப்பை எடுத்து நம் வீட்டு வாசலில் போட்டு வையுங்கள் அப்பா.

உங்கள் மகள்