ஓடாத நாய்

6 டிசம்பர் 2025, சனி

காப்பகத்து வாசலில் பைக்கை நிறுத்துவதற்குள் நாய்கள் எல்லாம் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. சனிக்கிழமை வண்டிச் சத்தம் அவற்றுக்குத் தெரியும். இடம் போதாத வாரங்களில் ஊசி போட்டு உயிரை முடிப்பவன், பதினொரு வருஷமாக, நான்தான். பிழைக்காததற்கு மட்டுமே போடலாம் என்பது சட்டம். அதனால் பதிவேட்டில் ‘தீராத நோய்’ என்று எழுதிவிடுவேன்.

வெள்ளையன் மட்டும் நகரவில்லை. நான் போய் முன்னால் நின்றதும் தலையைத் தூக்கி வாலாட்டியது. எப்போதும் இப்படித்தான். என்னைக் கண்டு பயப்படாத ஒரு ஜீவன்.

9 டிசம்பர்

ஐஸ்வர்யா டாக்டருக்குப் பாராட்டு விழா. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான். சேர்ந்த மாதமே ஆபரேஷன் மேசை வந்தது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்தால் ஊசிக்கே வேலை இருக்காது என்று இதே மேசையை நான் 2014-இல் எழுதிக் கேட்டேன். காப்பகத் தலைவர் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி அந்தக் காகிதத்தால் விசிறிக்கொண்டே, “ஒரு ஊசியில முடியுற சோலிக்கு மேசையெல்லாம் கேக்கீகளே டாக்டரே” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன்.

இன்று அதே அண்ணாச்சி அவளுக்குச் சால்வை போட்டார். நானும் கைதட்டினேன்.

13 டிசம்பர், சனி

மார்கழி நெருங்கினால் குட்டிகளைச் சாக்கில் கட்டி வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். போன வருஷம் பத்தொன்பது சாக்கு. அவள் செய்யும் கருத்தடையால் இந்த வருஷம் இதுவரை மூன்று. நல்ல விஷயம்தானே? ஏன் வயிறு எரிகிறது?

14 டிசம்பர்

சாத்தூரில் அவளுடைய தத்து முகாம். இதுவரை நாற்பத்தேழு நாய்களுக்கு வீடு கிடைத்திருக்கிறதாம். போனில் அத்தனை படங்களையும் பார்த்தேன். இரண்டு தடவை.

16 டிசம்பர்

வெள்ளையனுக்குப் பின்னால் நின்று அவள் ஒரு தட்டைக் கீழே போட்டாள். அது திரும்பவில்லை.

“சார், இதுக்குக் காது கேக்காது. உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். தெரியாது.

ஆக, அதற்கு என் மேல் பிரியம் ஒன்றும் இல்லை. என் பைக் சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கென்று இருந்தது அது ஒன்று — அதையும் எடுத்துக்கொண்டாளே.

18 டிசம்பர்

அவள் சொந்த ஊருக்குப் போயிருக்கிறாள், திங்கள் வரை லீவு. அச்சங்குளத்திலிருந்து சங்கிலிமுத்து என்று ஒருவர் வந்தார். பட்டாசுத் தொழிலாளி. கையில் அலுமினியப் பவுடர் மினுங்கியது.

“டாக்டரய்யா, வெடிச்சத்தத்துக்கு ஓடாத நாயா ஒண்ணு குடுங்க. முந்தி வளத்தது, கம்பெனியில வெடி டெஸ்ட் பண்ணயில மிரண்டு ஓடி ரோட்டுல அடிபட்டுப் போச்சு. எம்மவ ரோஜா மூணு நாளா சோறு திங்கல.”

வெள்ளையன் பத்தடி தூரத்தில் படுத்திருந்தது.

“அப்படி நாய் இங்கே இல்லை” என்றேன்.

சொன்னால் நாற்பத்தெட்டாவது படம். அதுவும் அவள் கணக்கில்தான் சேரும்.

19 டிசம்பர்

அடிபட்ட நாய்கள் நான்கு வந்திருக்கின்றன. ஒரு கூண்டு குறைகிறது. “அந்தச் செவிட்டு நாயை எவனும் கேக்கல. நாளைக்கு முடிச்சிருங்க” என்றார் அண்ணாச்சி.

யார் சொன்னார்களோ, ஐஸ்வர்யா போனில் கூப்பிட்டாள். “சார், திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க. நான் வீடு பாத்துருவேன்.”

நான் பாத்துருவேன். நான்!

பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

20 டிசம்பர், சனி

முதலில் பதிவேட்டை எழுதினேன். தீராத நோய். பிறகு மருந்தை ஏற்றினேன். முன்னங்காலில் மயிரை மழிக்கும்போது வெள்ளையன் என் மணிக்கட்டை நக்கியது. காது கேட்காதது என்ன நோய்? நேற்று முன்தினம் இதற்கு ஒரு வீடே வந்து வாசலில் நின்றதே. துரத்தியவன் யார்? அவளா? அண்ணாச்சியா?

எழுதியதை அடித்தேன். பதினொரு வருஷத்தில் முதல் அடித்தல்.

லோடு ஆட்டோ பிடித்து, வெள்ளையனை ஏற்றிக்கொண்டு அச்சங்குளம் போனேன். சங்கிலிமுத்து வீட்டு வாசலில் இறக்கிய சிறிது நேரத்தில் கம்பெனிப் பக்கம் வெடி போட்டார்கள். தெருநாய்கள் சிதறி ஓடின. நானே துள்ளிவிட்டேன். வெள்ளையன் ரோஜாவின் கையை மோந்துகொண்டிருந்தது.

“ஏலே, அங்கன பாருங்கலே, அசையலயே!” என்று பக்கத்து வீட்டில் ஒரே சிரிப்பு.

“அன்னைக்கு இல்லைன்னீகளே டாக்டரய்யா?” என்றார் சங்கிலிமுத்து.

“இருந்தது. நான்தான் சொல்லவில்லை.”

அவர் திண்ணையைத் துண்டால் தட்டிவிட்டார். “காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

27 டிசம்பர், சனி

வெள்ளையனுக்குத் தடுப்பூசி போட அச்சங்குளம் போனேன். என்னைப் பார்த்து வாலாட்டியது. ஆனால் வேலை முடிந்து சங்கிலிமுத்து தெருமுனையில் திரும்பும்போதே வெடிமருந்து வாடையைப் பிடித்து எழுந்து ஓடியது. அந்த ஓட்டம்! இனி இந்த ஆள் மேலும் பொறாமைப்பட வேண்டும்.

நாற்பத்தெட்டாவது படம் வந்துவிட்டது. ரோஜாவும் வெள்ளையனும். என் பெயர் இல்லை. என் பெயர் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அப்படியே விட்டுவிடுவாளா?

3 ஜனவரி 2026, சனி

பதிவேட்டில் எழுத ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம்.

பைக்கைத் தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்திவிட்டு நடந்து போனேன். பாதி நாய்கள்தான் பின்சுவருக்கு ஓடின. ஒரு செவலை நின்று பார்த்தது.

“பைக் என்னாச்சு சார்?” என்றாள் ஐஸ்வர்யா.

பஞ்சர் என்றேன்.