உன் ரிப்போர்ட்டைப் படித்தவன்

இன்று ஆபீஸில் ரத்தப் பரிசோதனை முகாம். முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததும் அந்த வாசனை குப்பென்று ஏறியது. ஊசியோடு நின்ற பெண், "ஸ்வல்ப... கொஞ்சம் கையை இறுக்கிப் பிடிங்க சார்" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் ஊசிக்குப் பயமா என்று டீம் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஞாயிறு நீண்ட ஓட்டம், செவ்வாய் காலை காக்ஸ் டவுன் லேபில் ரத்தம். மூன்று வருடம் நமக்கு இதுதான் வழக்கம். தசை எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்று ஒரு எண் சொல்லும். உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று சி.ஆர்.பி. சொல்லும். அதைப் பார்த்துத்தான் அந்த வாரம் ஓட்டமா, ஓய்வா என்று முடிவு செய்வோம். லேப் தாளில் அச்சிட்டிருக்கும் எல்லையை நீ மதித்ததே இல்லை. "அது ஊருக்கெல்லாம் போட்டது மேன். என் உடம்புக்கு என் பழைய ரிப்போர்ட்தான் அளவு" என்பாய். ஆளுக்கொரு நோட்டில் எழுதி வைத்தோம்.

இன்னொரு விதியும் உன்னுடையதுதான். அவனவன் ரிப்போர்ட்டை அவனவன் பார்க்கக் கூடாது, மாற்றிப் படிக்க வேண்டும். "நம்ம பேப்பரை நாமளே பாத்தா, ஓடணும்னுதான் தோணும். நீ நில்லுன்னா நிப்பேன், ஓடுன்னா ஓடுவேன்." மேனேஜரையே எதிர்த்துப் பேசுகிற ஆள் நீ, இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கட்டுப்பட்டாய். ஆறு மாதம் தயாரான மைசூர்ப் பந்தயத்தை நான் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டு, ரோட்டோரம் நின்று எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினாய். முகத்தில் ஒரு சுணக்கம்கூட இல்லை.

கடைசிச் செவ்வாய்க்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரம் உனக்கு இரண்டு நாள் காய்ச்சல். "வைரல் மேன், போயிடுச்சு" என்று ஞாயிறு ஓடியும் விட்டாய். உன் ரிப்போர்ட் என் கையில். சி.ஆர்.பி. லேப் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் உன் நோட்டில் அதில் பாதிகூட ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வழக்கமாக வருகிற அளவு அது. என் அளவுகோலை எடுத்து உன்னை அளந்தேன். தெரியாமல் அல்ல. அடுத்த ஞாயிறு மாரத்தான். நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பக்கத்தில் நீ ஓடாவிட்டால் எனக்கு அந்த வேகம் நிலைக்காது.

"ஓகேதான், ஓடலாம்" என்றேன்.

"சரி மேன்" என்று இட்லியைப் பிட்டாய். நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், அல்சூர் ஏரிப் பக்கம், பேசிக்கொண்டே வந்தவன் விழுந்தாய்; பிறகு எழவில்லை. இதயத் தசையில் அழற்சி, காய்ச்சலின் மிச்சம் என்றார் டாக்டர். அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் சொன்னார். ஒரு வாரம் ஓய்வில் இருந்திருந்தால் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்ச நாள் ஓடவே கூடாது என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி காபி கொடுத்தார். அவர் தங்கையும் வந்திருந்தாள். அவளிடம் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்த அண்ணா ரிப்போர்ட் பாத்துட்டு வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு. எங்க வீட்டுக்காரருதான் கேட்டிருக்க மாட்டாரு. யார் பேச்சைத்தான் கேட்டாரு அந்த மனுஷன்?" உன் மேல் உள்ள கோபம் அவருக்கு ஆறவே இல்லை. பத்து மாதமாகக் கல்லறைப் பக்கம் போகவில்லையாம். பிள்ளைகளையும் அனுப்புவதில்லையாம். "எங்களை நெனச்சிருந்தா ஓடியிருப்பாரா அண்ணா?" என்று என்னையே கேட்டார்.

நீ என் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அதை அவரிடம் சொல்வதற்கு உலகத்தில் என்னைத் தவிர ஆள் கிடையாது. காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.