ஆவி பேசவேண்டிய பக்கம்

என் கோணல் எழுத்தை முதலில் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. மூட்டை தூக்கிப் பழகிய விரலுக்குள் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. இதுவரை எழுதவே காலைப்பொழுது போய்விட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. அறுபத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுவிட்டேன். தீப்பெட்டி, காலண்டர், பலகாரம் பொதிந்து வந்த காகிதம், எதையும் விடுவதில்லை. "அப்பூப்பா, இனி நீங்களே வாயிக்கலாம், யாரும் வேண்டா" என்றாள் பேத்தி வயது டீச்சர்.

அந்தத் தைரியத்தில்தான் உன் வீட்டுக்குப் போய் நம் நாடக நோட்டைக் கேட்டேன். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. உன் மனைவி பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். பிரித்ததும் எனக்குத் தும்மல். இத்தனை வருஷமாகியும் தாளில் மிளகாய் நெடி.

ஆரியசாலை மிளகாய்க் கிட்டங்கியில்தானே நமக்கு ஒத்திகை. நீ கடையில் கணக்கெழுத்து வேலை, நான் மூட்டை தூக்கும் சுமடு. அந்த வருஷம் அம்மன் கொடைக்குப் பேய் நாடகம் போட்டோம். கதையில், கூட்டாளி ஒருவனைப் பொன்முடி மலை வளைவில் தள்ளிக் கொன்றவன் நீ. கொன்றவனுடைய கடைக்கு, செத்தவனின் ஆவியாக வருபவன் நான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நீ நோட்டை வாசிப்பாய், நாங்கள் கேட்டுப் பாடம் பண்ணுவோம். முந்திய வருஷம் காவல்காரன் வேஷத்துக்கு எனக்கு நிறைய வசனம். லாரியிலிருந்து கிட்டங்கிக்கு ஒரு நடை, அதற்குள் ஒரு வசனம் என்று எல்லாவற்றையும் வாயில் ஏற்றியிருந்தேன். இந்தத் தடவை நீ சொன்னாய்:

"பேய்க்கு வசனம் கெடையாது மக்கா. பேசிட்டா பயம் போயிரும். நீ கண்ணு சிமிட்டாம நின்னா மதி, அது போதும்."

நம்பினேன். மிளகாய் நெடியில் கண்ணைத் திறந்து நிற்கப் பழகினால் மேடையில் எதற்கும் சிமிட்டாது என்பது என் சொந்த யோசனை. ஒரு மாதம் மூட்டைகளுக்கு நடுவில் கண்ணீர் வழிய நின்றேன். "என்னலே, பொண்டாட்டி வீட்ட விட்டு எறக்கிட்டாளா?" என்று சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்தது. "கடைசியில நீ பேசுகியே, அது செத்தவன் பேசுக மாதிரில்லா இருக்கு?" என்றேன். நீ நோட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாய். விரலை ஓர் எழுத்துக்கு அடியில் வைத்தாய். "எனக்குத்தான் எழுதியிருக்கு. நீயே பாரேன்!"

இரண்டு பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

கொடையன்று நான் சிமிட்டவே இல்லை. நீ என் காலடியில் விழுந்து, "என் கை இருக்கிறது என்று நம்பித்தானே அவன் ஓரத்தில் நடந்தான்!" என்று கதறினாய். கூட்டம் அழுதது. பிறகு பல வருஷம் ஆரியசாலைக் கடைக்காரர்கள் உன்னைக் கண்டால் அந்த வரியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். என் மனைவி புதுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து, "சும்மா நிக்கதுக்கா ஒரு மாசம் ஒத்திகைக்குப் போனீரு?" என்றாள். "பேய் பேசப்பிடாது, உனக்கு நாடகம் தெரியாது" என்று அவளிடம் கோபப்பட்டேன். இன்று அதைத் திருத்திச் சொல்ல அவளும் இல்லை.

போன ஞாயிறு, எழுத்துக்கு அடியில் விரல் வைத்துக் கடைசிப் பக்கங்களை வாசித்தேன். நீ அன்று காட்டிய இடம் வந்தது. கறுப்பு மையில் 'ஆ', 'வி'. அதை நீல மையில் அடித்து, மேலே உன் வேஷத்தின் பெயர். கீழே, "உன் கை இருக்கிறது என்று நம்பித்தானே நான் ஓரத்தில் நடந்தேன்." 'உன்' மேல் 'என்', 'நான்' மேல் 'அவன்'. ஒன்றரைப் பக்கமும் அப்படித்தான். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து டீச்சரிடம் காட்டினேன். "ஆவிதான் அப்பூப்பா, செரியா வாயிச்சீங்க" என்றாள். தப்பாக வாசித்திருக்கக் கூடாதா என்று முதல்முறையாக நினைத்தேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று சொல்லமாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அது உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டதைக்கூட ஒருவேளை மறந்துவிடுவேன். ஆனால் என் கண்ணுக்கு நேரே அதைக் காட்டி, நீயே பார் என்றாயே. உன் பாடையில் முன்பக்கம் வலது தோள் என்னுடையது. அப்போது இது எனக்குத் தெரியாது.

வகுப்பு முடியும் நாளில் ஆளுக்கு ஒன்று நடித்துக்காட்ட வேண்டுமாம். நான் அந்த ஆவியை எடுத்திருக்கிறேன். சிமிட்டாமல் நிற்க இன்னும் வருகிறது, அது என்னோடுதான் இருக்கிறது. பேச்சுதான் புதிது. சுமடு இல்லாமல் வெறும் தோளோடு கடைத்தெருவில் நடந்து, நாலு வரி ஏற்றியிருக்கிறேன். நடுவில் மறந்தால் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. அது முழுதும் மனப்பாடமாகத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அடுத்த ஞாயிறு அந்த ஒன்றரைப் பக்கத்தையும் இதே நாடக நோட்டின் மிச்சத் தாளில் உனக்கு எழுதுவேன். மேலே பெரிதாக 'ஆவி' என்று போடுவேன். எழுத்து கோணலாக இருக்கும். அடித்தல் இருக்காது.