சதுரத்துக்கு வெளியே

மகளின் தண்ணீர் பாட்டிலை இன்று காலை நான் கழுவினேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தபோது விரலில் ஒரு வழவழப்பு. தேங்கிய மழைத்தண்ணீர் போல வாடை. சோப்பு போட்டேன், போகவில்லை. நகத்தால் கீறினேன், நகக்கண்ணில் வெள்ளையாக வந்தது. அதற்குமேல் முடியாமல் குழாயை மூடிவிட்டு நின்றேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

பொன்னேரியில் ஒரே மின்சார ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போனவர்கள் நாம். இருவருக்கும் ஒரே பனீர் கம்பெனி. நீ கழுவும் ஆட்களுக்கு மேஸ்திரி. நீங்கள் கழுவியது சுத்தமா என்று பார்த்து எழுதித் தருகிறவன் நான். அதாவது, நீ வேலை செய்வாய், நான் அதை நம்பமாட்டேன். அதற்காகவே எனக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்திருந்தார்கள்.

செவ்வாய்தோறும் வெட்டுமேசையின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரச் சட்டத்தை வைப்பேன். அதற்குள் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, குச்சியை ஆய்வகத்துக்கு எடுத்துப்போவேன். எப்போதும் அதே மூலைதான். போன வாரத்தோடு ஒப்பிட வேண்டும் அல்லவா? உன் ஆட்களுக்கும் இது தெரியும். அந்த மூலையை மட்டும் பல் துலக்குவதுபோலத் தேய்த்து வைப்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்திலேயே அப்பழுக்கற்ற இடம் அதுதான்.

"உன் சதுரத்துல எல போடாமயே சோறு துன்னலாம் நைனா," என்பாய். "பக்கத்துல மட்டும் கை வெச்சிடாத."

ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு, பனீர் கட்டிகள் ஊறும் தொட்டிக்குக் குளிர்ந்த நீர் வரும் குழாயின் இணைப்பைக் கழற்றிக் காட்டினாய். உள்ளே ரப்பர் வளையம்.

"தொட்டுப் பாரு. நாலு தபா குளோரின் உட்டுட்டேன். அழுக்குன்னா போயிருக்கணும். இது ஊடு கட்டிக்கினு குடி இருக்குது."

நான் மூன்று வருடம் படித்ததை நீ ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாய். ரப்பரின் கீறலில் சில கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். பிசின் போல ஒன்றைச் சுரந்து தம்மேல் கூரை போட்டுக்கொள்ளும். மருந்து ஓடினால் கூரை நனையும், உள்ளே இருப்பவை பிழைக்கும். குடும்பம் பெருகியதும் சில பிரிந்து, தண்ணீரோடு வேறு இடம் பார்க்கப் போகும்.

"ஏரிக்கரையில எங்க அப்பா காலத்துலேர்ந்து கீறோம். நமக்குப் பட்டா இல்ல. இதுங்க ரப்பர்ல பட்டாவே வாங்கிருச்சு பாரு," என்றாய்.

வளையங்களை மாற்றக் குழாய் முழுவதையும் கழற்ற வேண்டும், உற்பத்தியை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். மேலாளர் மறுக்கவில்லை. "ரிப்போர்ட்ல ஃபெயில்னு வரட்டும் சார், நிறுத்திடலாம்," என்றார். மிகவும் நியாயமான மனிதர்.

கழுவிய பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. உன்னையே இன்னொரு முறை குளோரின் ஊற்றச் சொன்னேன். பிறகு பஞ்சுக்குச்சியை வளையத்தின்மேல் ஓட்டினேன்.

"குச்சி வழுக்கிக்கினு போவுது நைனா. நகத்தால கீறி எடு."

"நகத்துக்கு ஃபாரத்துல கட்டம் இல்லய்யா."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆய்வகத் தட்டில் கிருமி எதுவும் முளைக்கவில்லை. குச்சி வழுக்கியது எனக்குத் தெரியும். "திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெட்டும்போது மிஞ்சும் பனீர் ஓரங்களைச் சனிக்கிழமைகளில் நமக்குப் பொட்டலம் போட்டுத் தருவார்கள். அந்த வளையத்தைப் பார்த்த நாளிலிருந்து நீ வாங்குவதை நிறுத்தியிருந்தாய். உனக்குக் காரணமும் இருந்தது. உன் மனைவி தந்த சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை. "காவக்காரனுக்குத் தூக்க மாத்திர குடுத்து வெச்சிருக்குது," என்று அதைச் சொல்வாய்.

அறிக்கை வந்த சனிக்கிழமை உன் கையில் பொட்டலம். நான் பார்த்ததை நீ பார்த்துவிட்டாய்.

"நீதான் எழுதிக் குடுத்துட்டியே. அப்புறம் இன்னா?"

ரயிலில் பிரித்து, மிளகுத்தூளும் உப்பும் தூவி, என்னிடம் நீட்டினாய். வயிறு சரியில்லை என்றேன். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் நீ முழுவதையும் தின்று முடித்தாய். அதுவரை எனக்குப் பேச நேரம் இருந்தது.

மூன்றாம் வாரம் உனக்குக் காய்ச்சல். பிறகு கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர், ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் ஒரு கிருமி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போயிருக்கிறது என்றார். என்ன சாப்பிட்டாய் என்று உன் மனைவியைக் கேட்டார். அவள் வெளியே வந்து என்னைக் கேட்டாள்.

"அண்ணா, கம்பெனி பனீர்ல எதனா இருந்திருக்குமா?"

"ரிப்போர்ட்டு கிளீனா இருக்குதும்மா," என்றேன்.

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

உன்னை எடுத்த மறுநாள் அந்த வளையத்தைக் கழற்றி, பிளேடால் சுரண்டி, தட்டில் தடவினேன். டாக்டர் சொன்ன பெயரேதான் முளைத்தது. அறிக்கை எழுதி மேலாளரிடம் நீட்டினேன். அவர் முழுவதும் படித்தார். "மாதிரி எடுத்த முறையே தப்பு சார். பிளேடு எங்க இருக்கு நம்ம ஃபாரத்துல? இத ஃபைல்ல வெக்க முடியாது," என்றார். நான் உனக்குச் சொன்ன பதில்தான். வளையங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் மாறின. வாசலில் கைகழுவும் தொட்டிக்கு மேலே, "தூய்மை நம் கடமை" என்ற பலகைக்குப் பக்கத்தில், உன் படத்தை மாலையோடு மாட்டினார்கள். செவ்வாய்தோறும் அதைக் கடந்துதான் என் சதுரத்துக்குப் போகிறேன். மூலை இன்னும் பளபளக்கிறது.

உன் மனைவியைப் பொன்னேரி ஸ்டேஷனில் அவ்வப்போது பார்க்கிறேன். "நல்லாகீறீங்களா அண்ணா?" என்று கேட்பாள், ஆஸ்பத்திரியில் கேட்டதை மறுபடி கேட்டதில்லை. என் சொல்லை அவளும் நம்பிவிட்டாள், உன்னைப் போலவே.

ஃபைல் ஏற்காத அந்தத் தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. மடிப்புகள் துணிபோல் நைந்துவிட்டன. அவள் எதிரே வரும்போதெல்லாம் கை அதன்மேல் போய் நிற்கும், எடுக்காது. மாதிரி எடுத்த நாள், எடுத்த இடம், முளைத்ததன் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. கையெழுத்து மட்டும் இன்னும் போடவில்லை.