சந்தில் நிற்கும் உன் வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், குந்தி உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கிறது, அதை விட்டால் குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மருமகளும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நெற்றியைச் சுருக்குவாய். போனில் உன் முகம் தெரிகிறது, அதுதான் தொல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏழு வாரமாக முயன்று பார்த்துவிட்டேன். கடைசிவரை படி, பாதியில் போனை எடுத்துவிடாதே.

முதலில் வீட்டுச் செய்தி. மாடியில் இருக்கும் நம் வீட்டுக்காரம்மாவுக்கு, அதுதான் உன் கணக்கு டீச்சருக்கு, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போடுகிறார். தண்ணீர்க் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஆள் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே பத்து நாள் ஓட்டிவிட்டான். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து முடித்தாயிற்று, இனி அடுத்த பள்ளித் திறப்புவரை என் தையல் மெஷினுக்கும் எனக்கும் ஓய்வு. ஓய்வு என்று எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. மெஷின் ஓடாத வீட்டில் கடிகாரம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று உனக்குத் தெரியாது. ஒரு ஆளுக்குச் சமைத்தால் தட்டில் விழுவதைவிடப் பாத்திரத்தில் ஒட்டுவதுதான் அதிகம், அதனால் பல நாள் காலையில் வைத்ததையே இரவுக்கும் சுடவைத்துச் சாப்பிட்டுவிடுகிறேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, கேட்டால் நீ வருத்தப்படுவாய் என்றுதான்.

இனி வண்டி விஷயம். நீ கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு போன அந்தக் குட்டி வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொல்லி வருஷத் தொடக்கத்தில் நீ சொன்னபோது, நானே சரிபண்ணிக் காட்டுகிறேன் என்று ஏதோ வீம்புக்குத்தான் சொன்னேன். நீ சிரித்தாய். "எங்க வெச்சும்மா பண்ணுவே, நமக்கு ஷெட்டா இருக்கு?" என்று கேட்டாய். ஷெட் இல்லை, ஆனால் நம் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே சந்து இருக்கிறதே. மேலே தார்ப்பாயைக் கட்டினேன், கீழே பழைய படுக்கை விரிப்பைப் போட்டேன், விழுகிற திருகு உருண்டு சாக்கடைக்குப் போகாமல் இருக்க. வண்டி நின்றால் ஒரு பக்கம்தான் உட்கார இடம் கிடைக்கும், மறுபக்கம் வேலை என்றால் வண்டியைத் தெருவுக்குத் தள்ளி, திருப்பி, பின்பக்கமாக உள்ளே நுழைக்க வேண்டும், அந்த நேரம் பார்த்துத்தான் தெருவே வேடிக்கைக்கு வரும். பித்தான் டப்பாக்களில் திருகுகளைப் பிரித்து வைத்தேன், கழற்றிய ஒயர் ஒவ்வொன்றிலும் கலர் நூல் கட்டினேன், சிவப்பு முடிச்சுக்குச் சிவப்பு முடிச்சு என்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ போனில் பார்த்து வழி சொன்னாய், அதன்படி செய்தேன். பெட்ரோல் டேங்குக்குள் துரு உதிர வினிகரும் ஒரு பிடி திருகும் போட்டு, பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக் குழந்தையைப் போல ஆட்டச் சொன்னாய், ஆட்டினேன். "என்னம்மா, தூங்கிடுச்சா?" என்று மாடியிலிருந்து டீச்சர் கேட்டார்.

நான் பண்ணிய கூத்து உனக்கு நினைவிருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் இறங்கும் அந்தப் பொடி ஜெட்டின் ஓட்டையைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். ஓட்டையைக் கண்டால் ஊசியை விடுகிற கை இது, முப்பது வருஷப் பழக்கம், உன் பேச்சையா கேட்கும்? விட்டேன், நன்றாகவே குடைந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி இருமி இருமி நின்றது, பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னாய், கரிச்சட்டி மாதிரி இருந்தது. அப்புறம் "அம்மா, உண்மைய சொல்லு, ஊசி விட்டியா?" என்றாய். பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் மருமகள் அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். ஓட்டை பெருத்துப் பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது என்று சொல்லி வேறு ஜெட் வாங்கச் சொன்னாய், தெருமுனை லேத் பட்டறைக்காரர்தான் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு நாம் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் பேசினோம், போனில் காட்டியது. வண்டி வேலை தொடங்குவதற்கு முன்னால் எவ்வளவு பேசுவோம் என்று நினைத்துப் பார். "சாப்டியா, மாத்திரை போட்டியா, சரிம்மா வெக்கிறேன்", மூன்று நிமிஷம். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும்தான் அதற்கு மேல் என்ன பேசுவதென்று தெரியாமல் இருந்தது.

சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி ஓடுகிறது தம்பி. ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், நீ சொன்னபடி புது ஜெட்டைப் போட்டு, பிளக்கைத் துடைத்து மாட்டி, நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. சந்து முழுக்க அந்தச் சத்தம். எனக்கு அதை அணைக்கவும் தெரியவில்லை. மாடி ஜன்னலிலிருந்து டீச்சர் தலையை நீட்டி, "என்னம்மா, புள்ள வந்துட்டானா?" என்று கேட்டார். கண்ணில் கட்டு இருந்த நாள், அவருக்குச் சத்தம் மட்டும்தான் அடையாளம். இல்லை டீச்சர், நான்தான் என்றேன். அப்புறம் சந்திலேயே கீழே உட்கார்ந்து அழுதேன், அது சந்தோஷமா என்று கேட்டால் முழுக்கச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "என்னம்மா, ஸ்டார்ட் ஆச்சா?" என்றாய். ஆச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த ஞாயிறு என்ன பேசுவோம் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. இல்லப்பா என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்கு ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நீ கூப்பிடுவதற்கு முன்னால் பிளக்கின் மேல் இருக்கும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துவிடுவேன், பார்த்தால் மாட்டியிருக்கும், தொட்டுக்கொண்டிருக்காது. நீ உதைக்கச் சொல்வாய், உதைப்பேன், வண்டி ஊமையாக நிற்கும். பிளக் கேப் சரியா இருக்கா பாரு என்று முதல் வாரமே கேட்டாய், உன் கண்ணைப் பார்த்து இருக்கு என்று சொன்னேன். நீ இரவெல்லாம் படித்துப் படம் வரைந்து அனுப்பினாய், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் ஒன்றும் அங்கிருந்து வாங்கி அனுப்பினாய். இதற்கு நடுவில் நான் பட்டறைக்குப் பக்கத்து மைதானத்தில் லேத்காரரின் மனைவியிடம் ஓட்டக் கற்றுக்கொண்டேன், போன வாரம் மூன்றாவது கியர் போட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் அது. அதை உன்னிடம் சொல்ல முடியாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேனோ என்னவோ, வெட்கமில்லாமல் சொல்கிறேன். போன ஞாயிறு நீ, "நான் தோத்துட்டேம்மா, எடைக்குப் போட்டுடு" என்றாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "வேலையிலயும் இப்படித்தான்மா, எதத் தொட்டாலும் எனக்கு வரமாட்டேங்குது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த முகத்தை நான் பார்த்தேன். அங்கே பெரிய பெரிய இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்க்கிற பிள்ளையை, தனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பவைத்தது பெற்ற அம்மா. உன் கைக்கு ஒரு குறையும் இல்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு, தொடாமல், வாயால் சொல்லியே, ஊசி மட்டும் தெரிந்த ஒரு பொம்பளையைக் கொண்டு செத்துக் கிடந்த வண்டியை ஓடவைத்தவன் நீ. நீ சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, நான் சொன்னதுதான் தப்பு. வேலை இடத்தில் யாராவது உன்னை ஏதாவது சொன்னால் இந்தக் கடிதத்தை எடுத்து ஒருமுறை படி. கோபம் வந்தால் நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், ஆனால் நம்பிக்கையை மட்டும் விட்டுவிடாதே.

காயிலைப் பிரிக்கவில்லை, திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டுச் சொல். காதை மூடாமல் வெளியே போகாதே, மருமகளை அதட்டிப் பேசாதே, அவள் உன் சிரிப்பைக் கேட்டு ஓடி வருகிற பெண். இருவரும் நீண்ட ஆயுளோடு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நிறைவாக இருக்க அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று. வண்டியில் இப்போது பழுது எதுவும் இல்லை, உன்னிடம் கேட்பதற்கு என்னிடம் கேள்வியும் இல்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

உன் வரவை எப்போதும் எதிர்பார்க்கும்
அம்மா