மிஸ் படம் போட்ட அட்டை

ரம்லா,

நீ குளித்துவிட்டு வருவதற்குள் கடைக்குக் கிளம்புகிறேன். முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. சோறு வடித்துவிட்டேன், ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கொள்.

நான்கு மணிக்குத் தெரபி மிஸ் யாழினி வருவார். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடாதே. "அந்தப் பொண்ணுதான் புள்ளைய என்னமோ பண்ணிப்போட்டா" என்று மூன்று நாளாக அழுகிறாய். செய்தவன் நான்.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பியபோது அஃப்ரா வண்டியில் ஏறவேயில்லை. எங்கே போகிறோம் என்று அவளுக்குக் காட்டும் அட்டைகளில் மிஸ் படம் போட்டதைக் காட்டி, "மிஸ்கிட்ட போலாம், வா கண்ணு" என்றேன். உடனே ஏறிக்கொண்டாள். லேபில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி குத்தினார்கள். அதுவரை அட்டையைக் கையில்தான் வைத்திருந்தாள்.

பேச்சு வராத பிள்ளை மிஸ் மடியில் உட்கார ஐந்து மாதம் ஆனது. இப்போது அவரைக் கண்டாலே கடிக்கிறாள்.

காலையில் மிஸ்ஸுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "முதல்ல இருந்து ஆரம்பிக்கணுங்க. நான் வாசல்லயே உக்காந்துக்கறேங்க" என்றார். அஃப்ராவை அவரிடம் இழுத்துப் போகாதே.

இல்யாஸ்

சாவி ஜன்னலில் இருக்கிறது.

இப்போதுதான் அஃப்ராவிடம், "அத்தா கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். தன் செருப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். நீயே கூப்பிடு. நான் கூப்பிட்டால் வரமாட்டாள்.